விபீடணனுக்குப் பயன் சொன்னவர்

கடல் கடந்து நாங்கள் குடியேறிய நோபல் பார்க்கில் என் அடுத்த தெருவில் வாழ்ந்த தில்லையம்பலம் அண்ணை காலமான செய்தி எனக்குப் பருத்தித்துறையிலிருந்து வந்தது. அழைத்தவர் அவருடைய தமையன் பரமநாதன். அண்ணையின் மகள் முதலில் பெரியப்பாவுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். அண்ணனும் தம்பியும் பேசாதிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதுவும் ஒரு செய்தி.

எங்கள் சனிக்கிழமை வாசிப்பைத் தொடங்கியவர் தில்லையம்பலம் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பொருளை விரித்துச் சொல்வார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். மதுரைக்காரனான எனக்கு அது புதிது. அண்ணை அந்த வழக்கத்தை நாவலுக்குக் கொண்டுவந்தார். நான் வாசிப்பேன், பத்தி முடிந்ததும் அவர் பயன் சொல்வார்.

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது விபீடணன் கதையை மாற்றிச் சொல்லும் ஒரு நாவல். அதில் அவன் வான்வழியே போகவில்லை. படகில் போகிறான், வழியெல்லாம் வாந்தி எடுக்கிறான். அண்ணை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"புராணத்திலை பறந்து போனவர். இவர் சத்தி எடுத்துக்கொண்டெல்லோ போறார். இந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும்."

அவரும் படகில் வந்தவர். புறப்பட்ட அன்று, தாயோடு ஊரில் தங்கிவிட்ட தமையன் அவரை விபீடணன் என்றே ஏசியிருக்கிறார். அதன் பிறகு பேச்சில்லை. இதையும் பயன் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

போர்க்களத்தில் கும்பகர்ணன் தம்பியைச் சந்திக்கும் அத்தியாயம் வந்தது. நாவலில் அவன் தர்மம் எதுவும் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறான். நான் நிறுத்தினேன். அண்ணை கைபேசியை எடுத்தார்.

"இது தமையன் சொல்லவேண்டிய பயன், தம்பி. கேப்பம்."

தமையனின் எண்ணை அவர் தேடவில்லை, மனப்பாடமாக இருந்தது. மறுமுனையில் எடுத்ததும் என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் வாசிக்கிறேன், பயன் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாசித்தேன்.

"பயன் என்ன பயன்? கும்பகர்ணனுக்குப் பசி, அதுதான் கேட்டவன்," என்றார் பரமநாதன். பிறகு, "அவன் பக்கத்திலை இருக்கிறானோ?"

"ஓம் அண்ணை," என்று கைபேசியைத் தில்லையம்பலம் அண்ணையின் காதருகே பிடித்தேன்.

"சாப்பிட்டியோ?"

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பருத்தித்துறையும் கூட்டத்தில் இருந்தது.

அண்ணை போனபோது கடைசி அத்தியாயம் மிச்சமிருந்தது. அதில் விபீடணன் தமையனுக்குக் கொள்ளி வைக்கிறான். இங்கே மிஞ்சியவர் தமையன். தம்பியின் மரணச் செய்தியைச் சொல்லி முடித்த பரமநாதன், அந்த அத்தியாயத்தை அப்போதே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அண்ணையிடமிருந்து எனக்கு எஞ்சியிருக்கும் பழக்கப்படி, பத்தி முடிந்ததும் நிறுத்தினேன். மறுமுனையில் பரமநாதன் பயன் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.