பனி படியாத மூலை

இன்று காலை கோல்டிங்கில் பனி கொட்டியிருந்தது. வேலைக்குப் போகிற அவசரம் எனக்கு இப்போது இல்லை. யன்னலடியில் கோப்பியோடு நின்று பார்த்தேன். எல்லாம் வெள்ளை. எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் மட்டும் ஒரு கோடு, கறுப்பாக, ஈரமாக, நடைபாதையைக் குறுக்கறுத்துப் போகிறது. அதற்குக் கீழே வீடுகளுக்குச் சுடுநீர் கொண்டுபோகிற குழாய். இந்த டெனிஷ்காரரின் நாட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான். பூனைகள் வந்து அதில் படுத்திருக்கும்.

நான் அந்தக் கோட்டை மிதிக்க மாட்டேன். எட்டிக் கால் வைத்துக் கடந்துவிடுவேன். மனைவி சிரிப்பாள். "உங்களுக்கு விசர். குழாய் என்ன கடிக்குமோ?" என்பாள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லத் தொடங்கினால் நீளும். நான் நீளமாகக் கதைக்கிற ஆள் இல்லை. எழுத்தும் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு கொப்பியை மூடியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி படியாத நிலத்தை நான் முதலில் பார்த்தது யூலண்ட் குடாநாட்டின் நடுவில் ஒரு சின்ன ஊரில். பேர் வேண்டாம். ஊர்ப்பலகையையே கழற்றிவிட்டார்கள், நான் எதற்குப் பேரைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஒரு தெரு, இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், பூட்டிய ஒரு கடை. சுற்றிவரப் பள்ளங்கள். உலகப் போர்க்காலத்தில் வெளியிலிருந்து நிலக்கரி வராதபோது இந்த மண்ணைக் கிண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அதெல்லாம் எப்போதோ முடிந்து, பள்ளங்களில் தண்ணீர் நின்றது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடிமண் தெரியும்.

முதல் கோடையில் தூண்டிலோடு போய் அதில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். ஒரு மீனும் கடிக்கவில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பேடர் கிழவர் சைக்கிளை நிறுத்தி, அந்தத் தண்ணீரில் எதுவும் உயிரோடு இராது என்று கையால் காட்டினார். காலையிலும் அந்த வழியால்தான் போனவர். அப்போது சொல்லவில்லை. அவரும் என்னைப் போலத்தான், கதை குறைவு.

வீடு தவம் அண்ணையும் அவர் மனைவி மலர் அக்காவும் வாடகைக்கு எடுத்தது. மேல் அறையில் நான். எங்களை முதலில் ஸ்கீவ என்ற ஊரில் அகதி முகாமில் வைத்திருந்தார்கள். அங்கேதான் அவர்களோடு பழக்கம். பிறகு அண்ணைக்கும் எனக்கும் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதற்குக் கிட்ட வீடு தேடினோம். லேசாகக் கிடைத்தது. ஏன் லேசாகக் கிடைத்தது என்று கேட்கிற அளவுக்கு டெனிஷ் எங்களிடம் இல்லை. அண்ணையும் நானும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒரு சொல் பேச மாட்டோம். பஸ்காரன் எங்களை ஜென்மப் பகையாளிகள் என்றுதான் நினைத்திருப்பான்.

கதை எல்லாம் மலர் அக்காவிடம்தான். ஈரமான நாட்களில் அந்த ஊரில் ஒரு மணம் வரும். அழுகின முட்டை மணம். வந்த முதல் கிழமையே அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆரோ முட்டையை அவியப் போட்டிட்டு மறந்து போனாங்கள்," என்றா. அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. மணம் வந்தால், "கதவைச் சாத்துங்கோ, முட்டைக்காரன் வந்திட்டான்," என்பா. நாங்கள் சிரிப்போம்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. சில நாள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி மெதுவாகக் கேட்டா, எரிப்பதா, புதைப்பதா என்று. நாங்கள் இந்துக்கள், எரிப்போம் என்று யாரோ அவவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். படுத்திருந்த அக்கா அண்ணையைப் பார்த்து, "பச்சைப் பிள்ளையை எரிக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றா. அண்ணைக்கு அவ்வளவு டெனிஷ் வராது. இரண்டு சொல்தான் சொன்னார். "நெருப்பு வேண்டாம்." தாதிக்கு விளங்கியது.

ஊர்த் தேவாலயத்து மயானத்தில் மேற்கு மூலையில் இடம் தந்தார்கள். பெட்டியை அண்ணையே தூக்கிக்கொண்டு நடந்தார். பேடர் தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார்.

பிறகு பனிக்காலம். அக்கா ஒவ்வொரு நாளும் மயானத்துக்குப் போவா. எங்களுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவா. தான் சாப்பிடுவதை நாங்கள் பார்க்கவில்லை. நல்ல பனி கொட்டிய ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தா. முகம் வேறு மாதிரி.

"இஞ்சாருங்கோ. தம்பி, நீரும் வாரும். வந்து பாருங்கோ."

போனோம். மயானம் முழுக்க வெள்ளை. கல்லறைக் கற்களுக்கு மேலேயும் வெள்ளைத் தொப்பி. மேற்கு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. பிள்ளையின் மேட்டில் புல் பச்சை. நாங்கள் பார்க்கப் பார்க்கவே ஒரு பனிப்பூ வந்து விழுந்து தண்ணீரானது.

"பிள்ளைக்குக் குளிராது," என்றா அக்கா.

அன்று மத்தியானம் தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு எங்களோடு இருந்து சாப்பிட்டா. அண்ணை எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

இனிப் பேடரின் கதை. அடுத்த நாள் அவர் மயான வேலிக்கு வெளியே நின்று அந்த மூலையைப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து நிலத்தைக் காட்டி ஒரு சொல் சொன்னார். எனக்குக் கேட்டது "பிரன்ன." டெனிஷில் பிரன்ன என்றால் விறகு. அண்ணைக்கும் அப்படித்தான் கேட்டது. கிழவர் இருமல்காரர். இளம் வயதில் அந்தப் பள்ளத்தில் கரி வெட்டி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். தனி ஆள். "பாவம், விறகு முடிஞ்சுதாக்கும்," என்றார் அண்ணை. இரண்டு பேருமாகக் கொத்தி, தள்ளுவண்டி நிறைய விறகைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கினோம். கிழவர் விறகைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரும்பவும் விறகைப் பார்த்தார்.

"காணாதாக்கும்," என்று அண்ணை என் காதில் சொன்னார். "இன்னொருக்காக் கொண்டுவருவம்."

பேடர் எங்களை உள்ளே கூப்பிடாமல் வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அக்கா சமைக்கிற குசினியின் யன்னலுக்கு நேரே அவருடைய தோட்டம். அங்கே ஒரு நீள இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து இறக்கினார். மூன்று கோப்பையில் கோப்பி கொண்டுவந்தார். நின்றபடியே குடித்தோம். அவர் கடைசி வாய்க் கோப்பியை மிச்சம் வைத்து, கையுறை போட்டு, கம்பியை உருவி எடுத்து, அதன் நுனியில் ஊற்றினார்.

சீறியது.

அந்தச் சத்தத்துக்கு டெனிஷ் படிக்கத் தேவையில்லை. அவர் சொன்னது பிரன்ன இல்லை, பிரன்னர். எரிகிறது. எழுத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். அவர்கள் வாயில் அதுவும் இல்லை. வெட்டாமல் விட்ட கரி மண்ணுக்குள்ளே எங்கேயோ பற்றிவிட்டது, அந்த முட்டை மணமும் அதிலிருந்துதான் என்றார். கையைப் பள்ளத்துப் பக்கமிருந்து தேவாலயத்துப் பக்கம் மெல்ல மெல்லக் கொண்டுபோனார். மாடு மேய்கிற மாதிரி வரும் என்றார். அவசரப்படாது, ஆனால் விடாது.

திரும்பி வரும்போது அண்ணை ஒன்றுதான் சொன்னார். "அவளுக்குச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. முட்டைக்காரன் வந்தால் அக்கா கதவைச் சாத்துவா. அவ சிரிப்பா. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பிந்திச் சிரிப்போம்.

பிறகு நடந்ததெல்லாம் மெல்லத்தான் நடந்தது. வயலில் வெடிப்பு வந்து அதிலிருந்து புகை வந்தது. கடையின் நிலவறையில் நச்சுக் காற்று நிறைந்தது. கொமுனக்காரர், அதாவது இந்த ஊர் நகரசபை ஆட்கள், கருவிகளோடு வந்து போனார்கள். தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், களிமண் போட்டு மூடிப் பார்த்தார்கள். அது மேய்ந்துகொண்டு வந்தது. வீடு வீடாக ஆட்கள் போனார்கள். பேடர் முதியோர் இல்லத்துக்குப் போய் அங்கேயே காலமானார். அண்ணையும் அக்காவும் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கிற புரொண்பிக்குப் போய் இரண்டு மகன்களைப் பெற்றார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள். தாய் தமிழில் கேட்க டெனிஷில் பதில் சொல்வார்கள். நான் கோல்டிங்குக்கு வந்தேன். ஆனால் வருசத்துக்கு ஒருதரமாவது அண்ணையும் அக்காவும் அந்த மூலைக்குப் போய் வருவார்கள், வேலி போட்ட பிறகும், அனுமதி எடுத்து.

போன இலையுதிர் காலத்தில் அண்ணை போன் எடுத்தார்.

"மூலையில ஒரு கல்லறைக் கல்லு மண்ணுக்குள்ள இறங்கிப் போச்சுதாம். மயானத்தை முழுக்க மூடப்போறாங்களாம். பிள்ளையை எடுக்கோணும். வாறியோ?"

"வாறன்."

இவ்வளவுதான் கதைத்தோம். எங்களுக்கு அது பெரிய உரையாடல்.

ஊருக்குள் வாகனம் விடவில்லை. நடந்தோம். பாதி வீடுகளை இடித்திருந்தார்கள். மிச்சத்துக்குக் கதவு, யன்னல் இல்லை. வீட்டுப் புகைபோக்கிகள் எல்லாம் விழுந்துவிட்டன. இப்போது நிலம் புகைத்தது. தெருவின் வெடிப்புகளிலிருந்து, ஆரோ கீழே இருந்து சுருட்டுக் குடிக்கிற மாதிரி. வெள்ளைப் பட்டை மரங்கள் நின்றபடியே செத்திருந்தன. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. மணம் வந்தது.

"முட்டைக்காரன்," என்றா அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை.

மயானத்தில் கொமுனவின் வேலையாட்கள் இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணின் நெஞ்சில், நச்சுக் காற்று வந்தால் கத்துகிற ஒரு சின்னக் கருவி தொங்கியது. பலகை போட்டிருந்தார்கள், அதில்தான் நடக்கவேண்டும். இயந்திரம் கொண்டுவந்தால் நிலம் தாங்காது, கையால்தான் தோண்டவேண்டும் என்றா அந்தப் பெண். கருவி கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும், பிறகு ஒருவரும் உள்ளே வர முடியாது என்றா. எடுத்தால் இன்று எடுத்ததுதான். இன்னொன்றும் சொன்னா, அக்காவின் முகத்தைப் பார்த்து. இந்த மண்ணில் இவ்வளவு காலத்துக்குப் பிறகு பச்சைப் பிள்ளையின் எலும்பு இராது. மண்ணைத்தான் எடுக்கலாம்.

அக்கா தலையாட்டினா. கையில் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தா. உள்ளே வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

தோண்டத் தோண்ட ஆவி வந்தது. அடியில் மண் கறுப்பாக மாறிய இடத்தில் அந்த ஆண் மண்வெட்டியை வைத்துவிட்டு ஒதுங்கினான். அண்ணை முழங்காலில் இருந்து கையால் அள்ளிப் பெட்டியில் போட்டார். ஒரு பிடி, இன்னொரு பிடி. அப்போது கருவி கத்தியது. முதலில் விட்டு விட்டு. பிறகு விடாமல்.

"வெளியே," என்றா அந்தப் பெண்.

அண்ணை எழும்பவில்லை. நான் தோளில் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டார். விரலால் குழியின் மூலைகளைச் சுரண்டினார். அவர் வாய் அசைந்தது. கிட்ட நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "நெருப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம்." டெனிஷில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்து பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்தா. மூடியைப் போட்டா.

"காணும், எழும்புங்கோ," என்றா. "பிள்ளை வந்திட்டுது. பாருங்கோ, உடம்பு சுடுகுது."

அண்ணை எழும்பினார். பலகை வழியே நடந்து வெளியே வந்தோம். பின்னால் கேற்றைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

காரை நான் ஓட்டினேன். அண்ணை பக்கத்தில். அவர் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பின்னால் அக்கா, மடியில் பெட்டி. நெடுந்தெருவுக்கு வந்த பிறகுதான் அக்கா கதைத்தா.

"எனக்குத் தெரியாதெண்டே இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்? கிழவன் கம்பியில கோப்பி ஊத்தேக்க நான் குசினியில நிண்டு பாத்தனான்."

அண்ணை திரும்பவில்லை. "ஏன் நீர் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் ரெண்டு பேரும் அழுவியள். பிறகு உங்களைப் பாக்கிறதே எனக்கு வேலை." மடியில் பெட்டியை நேராக்கினா. "குளிரேல்லைத்தானே. அதுவும் உண்மைதானே."

கடல் மேலே போகிற பெரிய பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பாலத்தின் நடுவில் அக்கா பெட்டியின் அடியில் கையை வைத்துப் பார்த்தா. பிறகு மேலங்கியைக் கழற்றி அதைச் சுற்றினா. திரும்பவும் கையை வைத்துப் பார்த்தா.

"ஆறீட்டுது," என்றா.



அந்த மூலை இப்போது இல்லை. மழைக்குப் பிறகு இறங்கிவிட்டது என்று கேள்வி. தேவாலயத்தையும் இடித்துவிட்டார்கள். பேடரின் தோட்டம் இருந்த இடத்தை வரைபடத்தில் சாம்பல் நிறத்தால் மூடியிருக்கிறார்கள். பிள்ளையைப் புரொண்பி மயானத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல இடம். குளிரான, ஒன்றுமில்லாத, சாதாரண மண்.

கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"உங்கையும் பனியோ?"

"ஓம். முழங்காலளவுக்கு."

"அக்கா எங்க?"



"விடிய எழும்பி மயானத்துக்குப் போயிட்டாள். பனி கூட்டத் தும்புத்தடியும் கொண்டு."

போனை வைத்தேன். யன்னலால் பார்த்தால் அந்தக் கறுப்புக் கோட்டில் ஒரு பூனை படுத்திருக்கிறது. புரொண்பியிலும் இந்நேரம் வெள்ளைக்கு நடுவே ஒரு சின்ன இடம் கறுப்பாக இருக்கும். அதற்குக் கீழே எதுவும் எரியவில்லை.