கிசுகிசுத்துப் பழகிய பிரெஞ்சு நாடகம்

எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. புறக்கோட்டையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு பிரெஞ்சு நாடகத்தை அகராதியோடு மல்லுக்கட்டித் தமிழாக்கினேன். மகளைக் கிழட்டுப் பணக்காரனுக்குக் கட்டிவைக்க நினைக்கும் அப்பன், அந்த அப்பனை வாயாலேயே விரட்டும் வேலைக்காரி, அவ்வளவுதான் கதை. அந்தப் பாரிஸ் வேலைக்காரியின் வாயில் நம் பழமொழிகளை அள்ளிப் போட்டேன். அவள் கோபிக்கவில்லை.

அது யுத்த காலம், தலைநகரில் தமிழ் பேசினாலே சந்தேகம். வெள்ளவத்தை மாடிவீட்டில் எங்கள் ஒத்திகை. அப்பனாக லொட்ஜ் மனேஜர் ஒருவர், வேலைக்காரியாக காலி வீதிச் சேலைக்கடையில் நிற்கும் பெண். கீழ்வீட்டு அம்மா முதல் நாளே படியேறி வந்தார்.

"தம்பி, நாடகம் போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. சத்தம் போடாமல் போடுங்கோ. பிறகு ஆமி செக்கிங் வந்தால் எங்களையும் சேர்த்தெல்லோ ஜீப்பில ஏத்துவாங்கள்."

அதில் நியாயம் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் தமிழை விழுங்கிக்கொள்வதும், தெருவில் உதடு அசையாமல் பேசுவதும் எங்களுக்குக் கைவந்த கலையாகியிருந்தன. ஆகவே ஒரு பெருஞ்சண்டை நாடகத்தை மாதக்கணக்கில் கிசுகிசுத்துப் பழகினோம். அது பிழையென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் மேடையேற்றம். சனம் மரியாதையாக இருந்தது, மரியாதையாகக் கைதட்டியது. கிசுகிசுத்துப் பழகிய வாய்கள் மேடையிலும் திறக்கவில்லை, ஒரு சிரிப்பு இல்லை. வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"நாடகம் நல்லம் தம்பி. என்ன கதை எண்டுதான் விளங்கேல்லை."

இரண்டாவது மேடையேற்றத்துக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் கிடைத்திருந்தது. அதுவும் இப்படிப் போனால் நாடகத்தைக் கட்டிவைக்க வேண்டியதுதான் என்றார் மனேஜர். சேலைக்கடைப் பெண் நிமிர்ந்தாள்.

"அண்ணை, நான் கடையில ஒரு நாளைக்கு நூறு சேலை விரிக்கிறன். வாய் திறக்கிறது இந்த நாடகத்தில மட்டுந்தான். இதையும் கட்டிவைக்கச் சொல்லுறியளோ?"

"அப்ப எங்கயடி பிள்ளை கத்திப் பழகுறது?" என்றார் மனேஜர்.

"கடற்கரையில."

வெள்ளவத்தைக் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே தண்டவாளம். பின்னேரம் கற்களில் நின்று காத்திருப்போம். கோச்சி வந்ததும் அதன் இரைச்சலுக்கு மேலால் அவள் மனேஜரைத் திட்டத் தொடங்குவாள். முதல் நாட்களில் கோச்சிதான் வென்றது. பிறகு கடைசிப் பெட்டி போன பின்னும் அவள் குரல் நின்றது. அப்படி ஒரு நாள் காவலரணிலிருந்து சென்ட்ரிக்காரன் துவக்கோடு இறங்கி வந்தான்.

"மொக்கத மே?"

என்ன இது என்று கேட்டான். நாடகம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவளைப் பார்த்தான், மனேஜரின் வயிற்றைப் பார்த்தான். இந்தப் பக்கம் வரக்கூடாது, போங்கள் என்றான். போனோம். மறுநாள் தெகிவளைப் பக்கமாகத் தள்ளி நின்று கத்தினோம்.

கொட்டாஞ்சேனைச் சனம் வேறு மாதிரி. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், மீன் விற்கிற பெண்கள், கடதாசிச் சரையில் கடலையோடு பிள்ளைகள். முதல் காட்சியிலேயே சிரிப்பு எழும்பியது. ஆனால் கையால் வாயைப் பொத்திய சிரிப்பு. இடைவேளையில் மண்டபப் பொறுப்பாளர் திரைக்குப் பின்னால் ஓடிவந்தார்.

"வெளியில ஆமி ஜீப் நிக்குது. மிச்சத்தைக் கொஞ்சம் மெதுவா நடிச்சு முடிச்சிடுங்க. நான் இந்த ஊர்ல இருக்கணும் ஐயா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எத்தனை நியாயங்களுக்குத்தான் குரலைக் குறைப்பது? நான் அவளைப் பார்த்தேன்.

"மெதுவா எண்டால் எனக்கு இப்ப வராது அண்ணை," என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

திரை விலகியபோது மண்டபத்து வாசலில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன. சனமும் கண்டுவிட்டது. கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றது. மேடையில் மனேஜர் தன் வசனத்தைச் சொன்னார், குரல் உள்ளே போயிருந்தது.

"வாயை மூடு!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே வாசலைப் பார்த்தாள்.

"உலை வாயை மூடலாம் ஐயா. ஊர் வாயை மூடேலாது!"

பின்வரிசையிலிருந்து ஒரு மீன்காரப் பெண் எழும்பினாள்.

"தங்கச்சி, பின்னுக்குக் கேக்கல்ல! இன்னொருக்காச் சொல்லு!"

கேட்டிருக்கும். தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆனாலும் அவள் இன்னொருக்காச் சொன்னாள், முதலைவிடப் பலமாக. மண்டபம் வெடித்தது. பொத்திய கைகளெல்லாம் கீழே இறங்கிவிட்டன. வாயைத் திறந்து, பல் தெரிய, பக்கத்தில் இருப்பவரின் தோளில் அடித்துச் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், சற்று நேரம் நின்றார்கள், போய்விட்டார்கள். யாரைப் பிடிப்பது? சிரித்தவர்கள் எல்லோரையும் ஏற்ற ஒரு ஜீப் போதாது.

அந்தச் சிரிப்பில் மனேஜருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. மலைத்து நின்றார். அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏன் ஐயா பாக்கிறியள்? நான் இன்னும் முடிக்கேல்லை!"

அந்த வரி பிரெஞ்சில் இருந்திருக்காது, என் தமிழிலும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஏறிய மேடை ஒவ்வொன்றிலும் இருந்தது.