சரளை மேட்டு ராகி

ஜவளகிரி நஞ்சம்மாவுக்கு மன்னிக்கத் தெரியாது. அதை அவளும் மறைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. விதைப் பண்ணை ஒன்றில் களையெடுக்கும் கூலியாக இருந்த நஞ்சம்மா, சரளை மேட்டில் பதினோரு ராகிப் பயிர் மட்டும் இலை சுருளாமல் நிற்பதைக் கண்டாள். கதிர் சின்னது, ஆனால் மணி பிடித்திருந்தது. அதை உதிர்த்துத் தன் அரை ஏக்கரில் விதைத்தாள். கடைசிவரை வாடாததில், அதிகம் தூர் விட்டதை மட்டும் விதைக்கு எடுத்தாள். இப்படி மூன்று வருஷம்.

பண்ணை மேஸ்திரி கங்கப்பன் இரண்டு படி விதை கேட்டு வாங்கிப் போனான். பண்ணை மேட்டில் விளைவித்து, கிருஷ்ணகிரிப் பொருட்காட்சியில் தன் பேரில் வைத்துச் சால்வை வாங்கினான்.

"அது நான் பொறுக்குனதுங்க" என்று கூட்டத்தில் புகுந்து சொன்னாள் நஞ்சம்மா.

"களை புடுங்கறவளுக்கு ராகி எது, புல்லு எதுன்னு தெரிஞ்சா போதும்" என்றான் கங்கப்பன். சால்வை போட்ட பெரிய மனிதர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவன் வாயாலேயே, நாலு பேர் நடுவில், அது தன் கைவேலை என்று சொல்ல வைக்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அடுத்த போகம் அதே விதையைப் பண்ணை முழுக்கப் போட்டார்கள். அறுப்பின்போது கங்கப்பன் களத்தில் உட்கார்ந்து விதைக்குக் கதிர் பிரித்தான். கிணற்றடிப் பள்ளத்தில் விளைந்த கொழுத்த கதிர்களைக் கூடையில் போட்டான். மேட்டுக் கதிரைச் சாப்பாட்டுக்குத் தள்ளினான்.

"எப்படி நஞ்சம்மா?" என்று களத்தில் கூலிக்கு நின்றவளைக் கேட்டான்.

"கதிர்னா இதுதாண்ணா கதிரு" என்றாள், தன் நிலத்தில் அப்படிப்பட்டதை ஒருநாளும் விதைக்கு எடுக்காதவள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு பொட்டு மழை இல்லை. பண்ணைப் பயிர் பீடி இலையாய்ச் சுருண்டது. குடியானவர்களுக்கு யோசனை சொல்லும் சர்க்கார் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் தீர்த்தகிரி, நஞ்சம்மா நிலம் மட்டும் விளைந்து நிற்பதைக் கேள்விப்பட்டு, சுற்றுவட்டக் குடியானவர்களோடு வந்து இறங்கினார். கங்கப்பனும் வந்தான்.

"நம்ம பண்ணை விதைதாங்க. திருடியாந்து போட்டிருக்கா."

நஞ்சம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரிண்ணா, உன் விதையாவே இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு எதை எடுப்பே? பொறுக்கிக் காட்டு."

அவன் நேரே அவள் நிலத்தின் கீழ்க்கோடியிலிருந்த குட்டை ஓரம் போய், முஷ்டி போல் மூடியிருந்த பெரிய கதிர்களாக ஒடித்து வந்தான். அவள் சரளைக் கோடியிலிருந்து சின்னக் கதிர்களைக் கொண்டுவந்தாள்.

"ஏம்மா இது?" என்றார் தீர்த்தகிரி.

"அது குட்டையில கால நனைச்சிக்கிட்டு நின்னதுங்க. தண்ணி கெடைச்சது தெம்பா இருக்கறது அதிசயமா? இது பட்டினி கெடந்து புள்ள பெத்தது."

குடியானவர்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரி சிரிக்கவில்லை. "அப்ப இந்த விதையைப் பொறுக்குனது யாருப்பா?" என்று கங்கப்பனைக் கேட்டார்.

"அவ பொறுக்குனதுதாங்க" என்று முனகினான் கங்கப்பன்.

"காது கேக்கலண்ணா."

மறுபடி சொன்னான்.

"வரப்புக் கடைசில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

மூன்றாம் முறை கத்தியே சொன்னான். அதற்குப் பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

விதைக்கென்று ஆளுக்கு இரண்டு கதிர் கொடுத்துக்கொண்டே வந்தாள். கங்கப்பனும் துண்டை விரித்தான். அவனைத் தாண்டி, அடுத்த ஆளின் மடியில் போட்டாள்.