விழுதா, வருதா

குற்றாலத்தில் சம்பந்தம் லாட்ஜ் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பேராச்சி இருக்கும் லாட்ஜ் என்றால் யோசிக்க மாட்டார்கள். பதினாறு வருடமாக அதன் முன்மேசையில், பழைய லேண்ட்லைன் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இலஞ்சியிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருவாள். நேரே லாட்ஜுக்குப் போகாமல் மெயின் அருவி வரை நடப்பாள். தண்ணீர் அருவியின் முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சுக்கு உள்ளே அளவாக விழுகிறதா, வெள்ளமாகி ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் முகம்மது மீரானுக்குப் போன் போட்டு, அங்கே எத்தனை கிளையில் விழுகிறது என்றும் கேட்டுக்கொள்வாள். இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை.

மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் அறை இருக்கிறதா என்று முதலில் கேட்பதே இல்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விழுந்தால்தான் மற்றப் பேச்சு. விழாத நாளில் விழுகிறது என்று பேராச்சி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "வேன் புடிச்சி, புள்ளகுட்டியோட வந்து, வெறும் பாறையப் பாத்துட்டுப் போகவா?" என்பாள்.

அவளுடைய நாற்காலிக்குப் போன வைகாசியில் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் உமாசங்கர். முதலாளி ஞானசம்பந்தத்தின் தங்கை மகன். கடைகளையும் கம்பெனிகளையும் இணையத் தேடலில் மேலே கொண்டுவந்து நிறுத்தும் வேலை என்று சென்னையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய விசிட்டிங் கார்டில் பட்டமே பாதி இடத்தை அடைத்திருந்தது. சாரல் அடிக்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ரகம்.

"மாமா, இனிமே யாரும் போன் பண்ண மாட்டாங்க. கூகுள்ல கேப்பாங்க. கேட்டா எல்லாத்துக்கும் மேல ஒரு பெட்டி வரும், பதில் அதுக்குள்ளயே இருக்கும். அதுக்குக் கீழ, ஜனங்க இதையும் கேக்காங்கன்னு நாலு கேள்வி வரும். அந்தப் பெட்டியையும் நாலு கேள்வியையும் நாம புடிச்சிட்டா குத்தாலமே நம்ம கையில."

ஞானசம்பந்தம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தலைமுறை தலைமுறையாக நிலத்தை ஆண்ட குடும்பம். நாலு இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்த்துப் பேசினால் கவிழ்ந்துவிடும். சீசன் தொடங்கியதும் போனையே மேசையிலிருந்து எடுத்துவிடுவது, பேராச்சி மாடியில் அறை கூட்டட்டும் என்று முடிவாயிற்று. அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். மேசையை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள். பதினாறு வருஷம் பேசின வாயை மூடி, கையில் விளக்குமாற்றைக் கொடுக்கிறார்களே என்று மனசுக்குள் வைதாள்.

உமாசங்கர் முதலில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினான். 'இயற்கை அன்னையின் மடியில்' என்று அது தொடங்கியது. பெட்டி அவனைச் சீண்டவே இல்லை. குற்றாலத்து லாட்ஜ் எல்லாம் ஏற்கெனவே அதே மடியில்தான் படுத்துக் கிடந்தன. பிறகு இரண்டு நாள் லேப்டாப்பைத் தட்டி, இந்தப் பக்கத்து ஜனங்கள் அதிகம் தேடும் கேள்வி, ஆனால் யாருமே பதில் எழுதாத கேள்வி என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். 'தண்ணீர் வருகிறதா?'

"தம்பி, அருவியில தண்ணி விழும். வராது," என்றாள் பேராச்சி. "வருதான்னு அருவிய யாரும் கேக்க மாட்டாவ."

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதான். விழுதுன்னு எழுதுனா கூகுள் ஆலமரத்து விழுதுன்னு நெனச்சிரும். இது டேட்டா. ஒங்களுக்குப் புரியாது."

புரியாதாம். தென்காசியில் பிறந்து, இதே அருவியில் மொட்டைத் தலையோடு குளித்த பயல், நாலு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு வந்து சொல்கிறான்.

எழுதினான். 'தண்ணீர் வருகிறதா? ஆம், தென்காசி, குற்றாலம், இலஞ்சி சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் தாராளமாக வருகிறது. விவரங்களுக்கு அழைக்கவும்.' கீழே லாட்ஜின் போன் நம்பர். பத்து நாளில் பெட்டி கிடைத்துவிட்டது. உமாசங்கர் தலைகால் புரியாமல் ஆடினான். எல்லோருக்கும் அல்வா கொடுத்தான். பேராச்சிக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.

"தாராளமா வருதுன்னு போட்டிருக்கீய, எங்க தெருவுல எட்டு நாளாக் குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. எப்ப தொறந்துவிடுவீய?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான், உடனே ஆள் அனுப்புங்கள் என்று ஒருவர் அதட்டினார். அறை வேண்டும் என்று ஒரு அழைப்புகூட இல்லை. மத்தியானம் இரண்டு பெண்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். கொண்டுவந்த நாலு பிளாஸ்டிக் குடங்களையும் உமாசங்கரின் லேப்டாப்பைச் சுற்றி வைத்தார்கள்.

"வருதுன்னு எழுதுனது யாரு? நீதானா? எங்கன வருது, காட்டு பாப்போம்."

டேட்டா புரிந்தவன் கறுப்புக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு மாமாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஞானசம்பந்தம் எட்டிப் பார்த்து, "பேராச்சி, நீயே பேசி அனுப்பும்மா," என்றார். அவள் பேசினாள். லாட்ஜின் கிணற்றிலிருந்து நாலு குடத்தையும் நிரப்பிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் உமாசங்கர் தானாகவே அவள் முன்னால் வந்து நின்றான். "சரிக்கா, என்ன எழுதணும்?"

"என்ன கேக்காவளோ அத எழுதுங்க. நான் தெனமும் காலையில பாத்துட்டு வந்து சொல்லுதேன். தேதியப் போடுங்க."

அப்படித்தான் அந்தப் பக்கம் உண்டானது. 'குற்றாலத்தில் இன்று தண்ணி விழுதா? விழுது. காலை ஏழு மணிக்கு மெயின் அருவியில் ஆர்ச்சுக்குள் விழுகிறது. ஐந்தருவியில் மூன்று கிளையில் விழுகிறது.' வெள்ளம் வந்த அன்று, 'விழுது. ஆனால் குளிக்க விட மாட்டார்கள், கிளம்ப வேண்டாம்' என்று சொல்லி எழுதவைத்தாள். வரும் ஆளை வராதே என்கிறாளே என்று ஞானசம்பந்தம் முனகினார். ஆனி பிறப்பதற்குள் பெட்டியில் பேராச்சியின் வாக்கியம் இருந்தது. கீழே வந்த நாலு கேள்வியும் பழைய குற்றாலத்தில் விழுதா, ஐந்தருவியில் விழுதா என்றுதான் இருந்தன. ஜனங்கள் வாய்விட்டுக் கேட்பதை அதே வார்த்தையில் எழுதியவர்கள் அதுவரை ஒருவரும் இல்லை. அறைகள் நிரம்பின. போனை எடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் சென்னைக்குத் திரும்புவதற்கு முன் தென்காசியில் ஒரு மண்டபத்தில் லாட்ஜ்காரர்களை எல்லாம் கூட்டி, வட்டார மொழித் தேடலைத் தான் கண்டுபிடித்த கதையை உமாசங்கர் ஒரு மணி நேரம் அளந்தான். திரையில் கண்ணாடியோடு அவன் படம். முதலாளியோடு போயிருந்த பேராச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் பெயர் வரவே இல்லை. "எங்கள் கள ஆய்வில் தெரியவந்தது" என்று மட்டும் ஓரிடத்தில் சொன்னான். பதினாறு வருஷம் மழையில் நடந்த காலுக்குப் பயல் வைத்த பெயர் கள ஆய்வு. எல்லோரும் கை தட்டினார்கள். பேராச்சி தட்டவில்லை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை சென்னையிலிருந்து போன் வந்தது.

"அக்கா, உமாசங்கர் பேசுதேன். ஆபீஸ்ல பன்னெண்டு பேரு கெளம்பி நிக்கோம். மேனேஜரும் வாராரு. தண்ணி விழுதா?"

வருதா என்று கேட்கவில்லை.

"பெட்டியில போட்டிருக்கே, தம்பி."

"அது இருக்கட்டும்க்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"லைன்லயே இருங்க. கள ஆய்வு பண்ணிட்டு வந்து சொல்லுதேன்," என்றாள் பேராச்சி. ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டாள்.