விளம்பரத்தை அழுத்திய சொந்தங்கள்

முதலில் என் விசர்த்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் மனைவி வழியாக வெளியே வரத்தான் போகிறது. அவள் சொன்னால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வாள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதைக் கொடுத்தவரின் காசு கழியும் ஒரு விளம்பரத்தை, "எல்லாரும் அமத்திப் பாத்து ஆதரவு குடுங்கோ" என்று, நாற்பது பேர் இருக்கும் எங்கள் குடும்பக் குழுவில் குரல்பதிவு போட்டவன் நான்தான். விளம்பரத் தொழில் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சம்பளம் தருவதே அந்தத் தொழிலுக்குத்தான்.

என் வேலை இதுதான். கைபேசியில் வரும் விளம்பரத்தை ஒருவர் அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். அதற்கு லாண்டிங் பேஜ் என்று பெயர். வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போய்விடாமல், தன் விவரத்தைத் தந்துவிட்டோ தொலைபேசியில் அழைத்துவிட்டோ போகவேண்டும். அப்படி ஆகும்படி அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருப்பேன். மெத்தைக் கடை, பல் வைத்தியர், நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வராமல் அடைப்பவர் என்று பலருக்குச் செய்திருக்கிறேன். என் மாமியார் இதை ஊருக்குச் சொல்லும் விதம்: "மருமோன் கொம்பியூட்டரிலை பட்டனுக்கு நிறம் மாத்துறவர்." பிழை என்று சொல்லவும் முடியவில்லை.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில், எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். சொந்தமில்லை, மாடி முழுவதற்கும் அவர் அக்கா. பதினொரு வருடம் வேறொருவரின் பள்ளியில் கார் ஓட்டப் பழக்கியவர். போன வசந்தத்தில் அதை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையிலும் பிரேக் வைத்த பழைய கார் ஒன்றை வாங்கினார். தொழில் அவருடைய பேச்சையே சுருக்கிவிட்டது. "இடது", "மெல்ல", "பிரேக்" என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் நான்கு சொல்லுக்கு மேல் போகமாட்டார். ஆனால் ஒருநாள் லிஃப்டில், மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தபடி, அவருடைய கணக்கில் மிக நீளமான ஒரு பேச்சுப் பேசினார்.

"அந்தப் பள்ளியை விட்டு வெளிக்கிடேக்கை முதலாளி எல்லாருக்கும் முன்னாலை சிரிச்சுக்கொண்டு சொன்னவர், ரெண்டு மாதத்திலை திரும்பி வருவியள், கதவு திறந்துதான் கிடக்கும் எண்டு. ஜூலை முடியுமட்டும் பாப்பன் தம்பி. ஆக்கள் வராட்டி, போய் அந்தக் கதவைத்தான் தட்டவேணும்."

"அக்கா, நான் இருக்கிறன்" என்றேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

அவர் கேட்டது மூன்றே மூன்று. காரோடு அவருடைய படம் ஒன்று. அவர் பழக்குவார் என்று ஒரு வரி. தொலைபேசி எண், பெரிதாக. "இவ்வளவும் காணும்" என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தேன். அது துறை வல்லுநர்கள் சிரிக்கும் சிரிப்பு. எண்ணைப் போட்டால் யார் யாரோ எடுத்துக் கரைச்சல் தருவார்கள் என்று விளக்கி, எட்டுப் பெட்டிகள் கொண்ட ஃபோர்ம் ஒன்றைப் பக்கத்தின் நடுவில் வைத்தேன். பெயர், இமெயில், முகவரி, வயது, எந்த லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்கள், எந்த நேரம் வசதி, எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள், வேறு ஏதாவது.

"இமெயில் என்னத்துக்கு?" என்றார் அக்கா.

"பேந்து தொடர்புகொள்ள."

"பேந்து ஏன்? இப்பவே கதைக்கலாமே."

"அக்கா, இந்தத் தொழிலிலை அப்பிடித்தான்."

"சரி. நீர்தானே படிச்சனீர்."

அதில் பாராட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் அப்போது அளந்து பார்க்கவில்லை. தலைப்பாக "முதல் தடவையிலேயே லைசென்ஸ்" என்று போட்டேன். மே மாதம் விளம்பரத்தைத் திறந்துவிட்டேன். அன்றைக்கே அந்தக் குரல்பதிவையும் போட்டேன். அது என்ன மனநிலையில் போட்டது என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. சமையல்காரன் தானே சோற்றுக்குள் மண் போட்டுவிட்டு "நல்லாய்க் கிண்டுங்கோ" என்று சொன்ன கதைதான்.

முதல் கிழமை நிறையப் பேர் அழுத்தினார்கள். நெஞ்சு நிமிர்ந்தது. ஃபோர்ம் ஒன்றுகூட நிரம்பவில்லை. இரண்டாம் கிழமை இன்னும் நிறையப் பேர். ஃபோர்ம் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. லிஃப்டில் அக்கா கேட்டார்.

"எத்தினை பேர் வந்தவை?"

"நிறையப் பேர் அக்கா."

"எங்கை?"

"பக்கத்துக்கு."

"காருக்கு?"

"இன்னும் இல்லை."

அவர் மாடி எண்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அதற்கு முன் தெரியாது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. பட்டனைப் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாற்றினேன். "பதிவு செய்க" என்பதை "இப்பவே பதியுங்கோ" ஆக்கினேன். இரண்டு நாள் கழித்து அது அவசரப்படுத்துவதுபோல் இருக்கிறது என்று மறுபடி பழையதற்கே போனேன். பக்கம் திறக்க எடுத்த நேரத்தைக் குறைத்தேன். அக்காவிடம் போய், சிரித்தபடி ஒரு படம் எடுப்போமா என்று கேட்டேன். "கார் ஓடப் பழக்கிறவள் சிரிச்சுக்கொண்டு நிண்டா ஆர் ஏறுவினம்?" என்றார். எட்டுப் பெட்டியை ஆறாக்கினேன். வலித்தது, ஆனாலும் ஆக்கினேன். ஒன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

வந்தவர்கள் விரலை எங்கே வைக்கிறார்கள் என்று பதிந்து காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பார்த்தேன். மெத்தை வாங்க வருபவர் மூன்று விநாடியில் ஓடிவிடுவார், அது இயல்பு. இங்கே வந்தவர்கள் ஓடவில்லை. ஆறுதலாகக் கீழே வரைக்கும் போனார்கள். மேலே வந்தார்கள். அக்காவின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள். அடுத்த நாளும் வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் நோட்டம் விட்டு, பலகாரமும் சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழும்பிப் போவது மாதிரி.

"பேசாமல் அந்த நம்பரைப் போடுங்கோவன் அப்பா" என்றாள் மனைவி.

"உமக்கு உது விளங்காது."

"ஓமோம். உங்களுக்கு விளங்கினபடியாத்தான் ஒருத்தரும் வரேல்லை."

ஜூன் நடுவில், ஒரு ஞாயிறு மதியம், மனைவியின் சொந்தத்தில் ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாள். ஸ்காபரோவிலேயே ஒரு மண்டபம். அன்றைக்கு நான் ஓட்டியதால் கெனடி றோட்டால் எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்று நின்று போனோம். நாங்கள் போய்ச் சேர, மற்றவர்கள் ரோல்ஸ் முடித்துக் கட்லட்டுக்கு வந்திருந்தார்கள். மனைவியின் சின்னம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். கூடவே அவருடைய கணவரான அங்கிள்.

"தம்பி, நான் ஒருநாளும் மறக்கிறேல்லை" என்றார் அன்ரி.

"என்னத்தை அன்ரி?"

"உங்கட விளம்பரத்தைத்தான். காலமை தேத்தண்ணி குடிக்கேக்கை ஒருக்கா அமத்துவன். பின்னேரம் நாடகம் முடிய ஒருக்கா."

"நான் ரெண்டு போனிலையும்" என்றார் அங்கிள், விட்டுக்கொடுக்காமல். "வேலையிலை இருக்கிற எங்கட ஆக்களுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். இடைவேளைக்கு எல்லாரும் ஒருக்கா அமத்துவம்."

வாயில் இருந்த ரோல்ஸ் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. விளம்பரத்தைக் கொண்டுபோகும் இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் அழுத்துகிறார்களோ அவர்களைப் போன்றவர்களையே மேலும் மேலும் தேடிப் பிடிக்கும். கார் ஓட்டப் பழக ஆசைப்படுபவர்கள் யார் என்றால், அறுபது வயது தாண்டி, இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருந்து, வாசலில் இரண்டு கார் நிற்பாட்டியிருப்பவர்கள் என்று அது எங்கள் குடும்பத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டது. படித்ததை வைத்து நகரம் முழுவதும் அப்படிப்பட்டவர்களாகவே பொறுக்கி எடுத்தது. நான் ஒன்றரை மாதமாகப் பட்டனுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அங்கிள்" என்றேன், முடிந்தவரை மெதுவாக, "ஒவ்வொருக்கா அமத்தேக்கையும் அந்த அக்காவின்ரை காசு போகும்."

அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப என்னத்துக்கு அமத்தச் சொன்னனீங்கள்?"

அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "இஞ்சை கேட்டியளே, நாங்கள்தான் அந்தப் பிள்ளையின்ரை காசைத் திண்டனாங்களாம்." கேக் வெட்டும் நேரத்துக்குள் அந்தச் செய்தி மண்டபத்தைச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. வந்தபோது காசைத் தின்றவன் நானாகியிருந்தேன்.

மூலையில் நின்று இரண்டாவது குரல்பதிவைப் போட்டேன்: தயவுசெய்து ஒருவரும் அமத்தாதேங்கோ. உடனே ஒருவர், அமத்தினால் உண்மையிலேயே காசு போகுதோ என்று அமத்திப் பார்த்ததாக எழுதினார். இன்னொருவர், "எந்த விளம்பரம்? எனக்கு இன்னும் வரேல்லை. லிங்கை அனுப்பும்" என்றார்.

வெளிக்கிடும் நேரம், கார் நிற்பாட்டும் இடத்தில் அன்ரி பின்னால் வந்தார். அங்கிள் உள்ளே யாருக்கோ என்னைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு கதை. அந்தப் பிள்ளை 401 ஹைவேயிலை ஓடப் பழக்குமோ?"

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"அன்ரி, உங்களிட்டை லைசென்ஸ் இருக்கெல்லோ."

"இருபத்திரண்டு வரியமா இருக்கு. ஹைவேயிலை ஒருநாளும் ஏறேல்லை. பயம். மகள் ஒஷாவாவிலை. இவர் ஏத்திக்கொண்டு போனாத்தான் பேரப்பிள்ளையளைப் பாக்கலாம். அவருக்கு எப்பவும் வேலை, இல்லாட்டி முழங்கால் நோ."

"அப்ப அந்தப் பக்கத்திலை ஃபோர்ம் இருந்ததே, நிரப்பியிருக்கலாமே."

"அது என்ன லைசென்ஸ் எடுக்கப் போறீங்கள் எண்டு கேக்குது. நான் எடுத்திட்டன். பேந்து இமெயில் கேக்குது. என்ரை இமெயில் இவரின்ரை போனிலைதான் வரும். இவருக்குச் சொல்லாமல் பழகவேணும் எண்டுதானே பாக்கிறன்." அன்ரி குரலைத் தாழ்த்தினார். "காரின்ரை கதவிலை நம்பர் எழுதியிருக்கு. பெரிசாக்கிப் பாத்தன். அந்தப் பிள்ளை கடைசி ரெண்டு இலக்கத்தையும் மறைச்சுக்கொண்டு நிக்குது. விலகினதோ எண்டு நாளுக்கு ரெண்டு தரம் போய்ப் பாக்கிறனான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் அத்தனை பேரையும் நினைத்தேன். பன்னிரண்டு வருடத் தொழில் அனுபவத்தோடு அவர்களை நான் பெண் பார்க்க வந்தவர்கள் என்று முடிவு செய்திருந்தேன். எல்லாருமே அன்புக்காக அழுத்தவில்லை. சிலர் எண் தேடி வந்து, எண் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலையே பக்கத்தை உடைத்தேன். ஃபோர்ம் முழுவதையும் எடுத்து எறிந்தேன். தலைப்பு: "லைசென்ஸ் இருக்கு, 401க்குப் பயமோ?" அதன் கீழே எண், சின்னப் பிள்ளையும் வாசிக்கும் அளவில். அக்காவைக் காரடிக்குக் கூட்டிப்போய்ப் புதுப் படம் எடுத்தேன். "ஒரு அடி தள்ளி நில்லுங்கோ அக்கா" என்றேன். தள்ளி நின்றார். கதவைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே அன்ரி அந்த எண்ணுக்கு எடுத்தார். அன்ரியோடு கோயிலுக்குப் போகும் இரண்டு பேர் எடுத்தார்கள். பிறகு எனக்குத் தெரியாதவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். இயந்திரம் பொறுக்கி வைத்திருந்த அதே ஆட்கள்தான். லைசென்ஸை இருபது வருடம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு லோரன்ஸ் றோட்டைத் தாண்டாதவர்கள். ஜூலைக் கடைசியில் லிஃப்டில் இந்த முறை நான் கேட்டேன்.

"எத்தினை பேர் அக்கா?"

"பதினொண்டு."

"அந்த முதலாளி?"

"எடுத்தவர். கதவைப் பூட்டச் சொல்லிப்போட்டன்."

இத்தோடு முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தலைப்பை எழுத எனக்கு இரண்டு நிமிடம்தான் எடுத்தது. மனைவி அதைத் திறமை என்று நினைத்தாள். நானும் திருத்தவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். லைசென்ஸ் எடுத்துப் பதினாறு. 401இல் நான் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. வேலைக்குப் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் போவது சூழலைக் காப்பாற்ற என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தூரப் பயணம் என்றால் "நீர் ஓடும், எனக்கு ஒரு கோல் கதைக்க இருக்கு" என்று மனைவியிடம் காரின் திறப்பைக் கொடுப்பேன். அந்தப் பக்கம் யாருக்காக எழுதப்படவேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு எந்த மென்பொருளும் தேவைப்பட்டிருக்காது. குளியலறைக் கண்ணாடி போதும்.

போன கிழமை துணிந்து அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "அக்கா, எனக்கும் ஒரு நேரம் தருவீங்களோ? 401தான். சனிக்கிழமை எண்டா நல்லம். வீட்டிலை சொல்லவேண்டாம்."

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"ஃபோர்மை நிரப்பும்."