வீடு மாறியபோது டீமையும் மாற்றினேன்

லண்டனில் நான் மூன்று டீம்களுக்கு ஆதரவாளனாக இருந்திருக்கிறேன். இதை இங்கே பிறந்த யாரிடமாவது சொன்னால், மூன்று பெண்களைக் கட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இல்லை, அப்படிச் சொல்வதும் பிழை. மூன்று கட்டியவனுக்காவது ஏதோ நியாயம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

என் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம். ஊரில் இருப்பவன் ஊர்க் கழகத்தின் ஆள். அதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. என் அக்கா அடுத்த ஊரில் கலியாணம் முடித்துப் போனாள். அடுத்த வருடம் உதைபந்தாட்டப் போட்டியில் மைதானத்தின் மறுபக்கம் அவர்களோடு நின்றுகொண்டு, எங்களுக்கு கோல் விழுந்தபோது கைதட்டினாள். வீட்டில் ஒருவரும் கோபிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியார், பெட்டியை இறக்கி வைத்த அதே கிழமை எங்கள் கழகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். இருக்கும் இடத்துக்காகத்தான் கத்த வேண்டும். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

வந்த புதிதில் தெற்கு லண்டனில் ஒரு வீட்டில் எனக்கு அறை தந்திருந்தார்கள். என் அகதிக் கேஸ் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. முடிவு வரும்வரை வேலைக்குப் போக ஏலாது. அந்த வீட்டில் இருந்த மற்ற மூன்று பேரும் மூன்று மொழி. எழும்பியதிலிருந்து படுக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே திடீரென்று பெரிய இரைச்சல். நான் செருப்பைக் காலில் மாட்டினேன். நான் வளர்ந்த காலத்தில் சனம் அப்படி இரைந்தால் ஓடத்தான் வேண்டும். இறங்கிப் போய்ப் பார்த்தால், இரண்டு தெரு தள்ளி ஸ்டேடியம். கோல் அடித்திருக்கிறார்கள். அன்றைக்கே நான் அந்த டீமின் ஆள் ஆகிவிட்டேன். அதன்பிறகு சனிக்கிழமைகளில் மதிலுக்கு வெளியே நின்று, இரைச்சலை வைத்து யார் கோல் போட்டது என்று கண்டுபிடிப்பேன். அந்த இரண்டு மணித்தியாலமும் தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பு வராது.

விசா கிடைத்ததும் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்கு மாறினேன். தமிழ்க் கடை இருக்கிறது, தமிழில் நாலு வார்த்தை கேட்கலாம் என்ற எண்ணம். கேட்கலாம்தான். "புட்டு மா முடிஞ்சுது, வியாழக்கிழமை வாங்கோ." அதற்குமேல் யாருக்கும் நேரமில்லை. இடம் மாறியபடியால் டீமையும் மாற்றினேன். கிழக்கில் இருக்கிறவன் கிழக்குக்காரர்களின் ஆள். பழைய டீமின் ஸ்கார்ஃபை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் என்னைக் கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

வேலை கிடைத்தது ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். மெஷினில் இருந்து வருவதை மடித்து அடுக்குவது என் வேலை. மெஷின் இரைச்சலில் பேச ஏலாது. பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. அதில்தான் அவரைச் சந்தித்தேன்.

அவர் வெள்ளைக்காரர், வான் ஓட்டுபவர், அறுபதைத் தாண்டியவர். ஒரு திங்கட்கிழமை, அவருடைய பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி நிமிசத்தில அநியாயமாத் தோத்துப் போனம்" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை என் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவை அப்படித்தான் இருக்கின்றன.

"நீரும் எங்கட ஆளோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

எதிரிலிருந்த கதிரையைக் காலால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அந்தக் கதிரை என்னுடையது. செவ்வாயும் புதனும் கூடத்தான். ஆனால் திங்கட்கிழமைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையைக் கடத்துவேன். என்ன சொல்லலாம், எந்தச் சொல்லில் சொல்லலாம் என்று அறையில் தனியாக இருந்து பேசிப் பார்ப்பேன். சிரிப்பாக இருக்கலாம். வேறு யாரோடு நான் பேச?

அவர் பிறந்தது டீம் முன்பு விளையாடிய பழைய மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஆனால் கடற்கரைப் பக்கம் குடிபோய் நாற்பது வருடமாகிவிட்டது. வேலைக்கு வருவதுபோலவே ஒவ்வொரு மேட்சுக்கும் ரயிலில் வந்து போவார். "அப்ப ஏன் அங்கத்தை டீமுக்கு மாறேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்துவிட்டார். அவர் சிரித்ததில் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஏன் சிரித்தார் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்டேடியத்தில் அவருடைய சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டின் சீசன் கார்டு, வருடா வருடம் காசு கட்டி வைத்திருப்பது. அது அவருடைய தம்பியின் இடமாம். தம்பி இறந்து இரண்டு வருடம். அந்தச் சீட்டை விட மனம் வரவில்லை, சும்மா கிடக்கிறது என்றார். "நாளைக்கு வாரும்."

போனேன். அந்த வருடம் முழுக்கப் போனேன். திங்கட்கிழமை கார்டைத் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை தருவார். உள்ளே அவர் அதிகம் பேச மாட்டார். கோல் விழுந்தால் மட்டும் என் தோளைப் பிடித்து உலுப்புவார். லண்டனில் அதற்கு முன்பு ஒரு மனிதர் என்னைத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

பிறகு நான் செய்த மடைத்தனம்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றார். எனக்கு வடக்கு லண்டனில் ஓர் அறை கிடைத்தது. பக்கத்தில் இன்னொரு டீமின் ஸ்டேடியம். அவருக்குக் கண்ணிலும் காட்டக் கூடாத டீம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் அக்கா போய் நின்றதும் எங்கள் பரம எதிரிகளின் பக்கம்தானே. நேர்மையாக நடப்பதாக நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் முன்னால் கார்டை வைத்தேன்.

"நான் வீடு மாறிட்டன்" என்றேன். "இனி நான் அவங்கட ஆள். இது எனக்குத் தேவைப்படாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். கார்டைக் கையில் எடுத்து, அதில் இருந்த பெயரை ஒருமுறை பார்த்தார். தேநீர் பாதியில் இருக்க எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வேறு மேசையில் இருந்தார். அதற்கு அடுத்த நாளும். நான் போய் நின்றால் "மோர்னிங்" என்பார், பத்திரிகையை மடிக்க மாட்டார். என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில், அலுவலகத்தில் வேலை செய்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், சீரியஸா? டீமை அப்படி மாத்தேலாது" என்றாள். "இங்க கட்டின மனுசியை விட்டாலும் டீமை விடமாட்டினம். அதுவும் அவற்ற தம்பியின்ர சீட்டை நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறியள்."

எனக்கு விசர் வந்தது. வீட்டை விட்டேன், ஊரை விட்டேன், நாட்டை விட்டேன். அப்போது ஒருவரும் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை. ஒரு பந்துக்கு இவ்வளவு ரோஷமா என்று அவளிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பாவம், சும்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு பஸ்ஸில் போகும்போதுதான் அவள் கடைசியாகச் சொன்னது மண்டைக்குள் ஏறியது. இரண்டு வருடம் ஒருவரையும் இருக்க விடாமல் வைத்திருந்த இடத்தை எனக்குத் தந்திருக்கிறார். நான் அதை வாடகை அறையின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வசனம் கட்டத் தொடங்கினேன். கட்டி முடிப்பதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கேக் வெட்டியிருக்கிறார்கள். நான் பின் மண்டபத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வந்து கூப்பிடவில்லை. நான் வெளியே வந்தபோது வான் சாவி ஆணியில் தொங்கியது. அவருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. தினமும் காணும் ஆளிடம் நம்பர் எதற்கு?

அந்தப் பிள்ளையிடம் நம்பர் கேட்டேன். தரக் கூடாதாம், சட்டமாம். "அவர் ஸ்டேடியத்திலதான் இருப்பார், அங்கிள்" என்றாள். "வேற எங்க போகப்போறார்?"

அப்படித்தான் நான் மறுபடியும் கிழக்கு டீமின் ஆள் ஆனேன். வடக்கில் படுத்து எழும்பிக்கொண்டு, பஸ்ஸும் ரயிலும் மாறிப் போனேன். கிடைத்த டிக்கெட் எல்லாம் எதிர்ப் பக்கத்து உச்சியில், கடைசி வரிசையில். அங்கிருந்து ஆட்கள் புள்ளி புள்ளியாகத்தான் தெரிவார்கள். ஆனால் அவருடைய சீட் படிக்கட்டை ஒட்டி இருந்தது, எண்ணிக் கண்டுபிடிக்கலாம். முதல் நாள் அவர் இருந்தார். பக்கத்துச் சீட் வெறுமையாக இருந்தது. அடுத்த மேட்சிலும் வெறுமை. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. உடனே இறங்கிப் போயிருக்கலாம். வெட்கம் விடவில்லை. எத்தனையோ மேட்ச் இப்படி வந்தேன், அவர் இருக்கிறார் என்று பார்த்தேன், திரும்பிப் போனேன். பேசாவிட்டாலும் ஒரு மனிதரைப் பார்க்கப் போகிறேன் என்ற எண்ணமே எனக்குப் போதுமாக இருந்தது.

போன மாரியில் ஒரு மேட்சுக்கு அவர் வரவில்லை. அடுத்த மேட்சுக்கும் இல்லை. பக்கத்துப் பக்கமாக இரண்டு வெறும் சீட். பந்து எங்கே போகிறது என்றே நான் பார்க்கவில்லை. அறைக்குப் போய்ச் சமைக்கவில்லை, சாப்பிடவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உலகத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

மூன்றாவது மேட்சில் அவர் இருந்தார். ஆட்டம் முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போதே நான் இறங்கி, வெளியால் ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடி, அவருடைய பக்கத்துப் படியடியில் போய் நின்றேன். சனம் இறங்கத் தொடங்கியது. கடைசியாக, கைத்தடியோடு, ஒவ்வொரு படியாக அவர் வந்தார். மெலிந்திருந்தார். கட்டி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் என்னைக் கண்டு நின்றார்.

"எந்தப் பக்கம் இருந்தனீர்?" என்றார்.

"அங்கால, உச்சியில. கடைசி வரிசை."

"அங்கயிருந்து விளையாட்டு ஒண்டும் தெரியாதே."

"உங்கட சீட் தெரியும்" என்றேன்.

ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் தடியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அப்ப நான் இரண்டு மேட்ச் வராததையும் கண்டிருப்பீர்."

"கண்டனான். எனக்குப் பயமாக் கிடந்தது."

அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில கிடந்தனான்" என்றார். "வேற ஒருத்தரும் என்னைத் தேடேல்லை."