மில் நின்ற வாரம்

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. வெல்டர் பட்டறையைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பேருந்து வேறு வழியாகச் சுற்றிப் போனது. மாவு மில்லின் பெல்ட் அசையாமல் தொங்கியது. மில்லுக்காரி அதன் கீழே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன அந்த வருடத்தில் அவள் தொடங்கிய மில் அது. பழைய மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினாள். பெல்ட் மாட்ட ஆள் வராத நாளில் தானே மாட்டக் கற்றுக்கொண்டாள். அப்போது நசுங்கிய விரலில் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. மகள் அந்த இரைச்சலில் தூங்கி வளர்ந்தவள். மில் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொண்டு அழும். இப்போது மகள் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு செல்போன் கடையில் உடைந்த திரைகளை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

தெருவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குக் கணினி சிப் செய்யும் தொழிற்சாலை வருகிறது என்று சொன்னவர் நகர்மன்றத் தலைவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘நாளைக்கு’. சாக்கடையா, தெருவிளக்கா, எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர் உண்மையாகவே உழைத்தார். படித்த பிள்ளைகள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய நகரங்களுக்கு ஓடுவதைக் கண்டு வெந்துபோனவர் அவர். அதிகாரிகளின் வாசலில் நடையாய் நடந்து, கம்பெனியை இந்த ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தார்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கோடுகளைச் செதுக்கும் இயந்திரங்கள் அங்கே நிற்கப்போகின்றன. தரை கொஞ்சம் நடுங்கினாலும் எல்லாம் பாழ். நடுக்கத்தை அளக்க, கம்பெனியின் பொறியாளர் பொட்டலில் கருவிகளைப் புதைத்துவிட்டு ஒரு வாரம் தங்கியிருந்தார். தலைவர் பேருந்தைச் சுற்றிப் போக வைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“அக்கா, ஒரே ஒரு வாரம். மில்லை ஓட்டாதீங்க. உங்க பொண்ணுக்காகத்தான் சொல்றேன்.”

“சரி தம்பி” என்றாள். மகளுக்காக என்று சொன்ன பிறகு வேறென்ன சொல்வாள்?

அளப்பதற்கு முன்பே விடையை முடிவு செய்துவிட்டு அளந்தால் அதற்கு அறிவியல் என்று பெயர் இல்லை, சடங்கு என்றுதான் பெயர். அறிவியலுக்கு ஒரு கோட்டை கட்டக் கிளம்பியவர்கள் அஸ்திவாரத்திலேயே அந்தச் சடங்கை வைத்தார்கள்.

வாரத்தின் நடுவில் பொறியாளர் தண்ணீர் கேட்டு மில் வாசலுக்கு வந்தார். கூடவே தலைவரும் வந்தார். மில்லுக்காரி உள்ளே செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

“இந்தத் தெரு எப்பவும் இவ்வளவு அமைதியா இருக்குமா?”

“எப்பவும் இப்படித்தான் சார். ஈ பறந்தா கேட்கும்” என்றார் தலைவர்.

“அப்ப நல்லது. இப்ப அளக்கிறதுதான் கணக்கு. இதுக்கு மேல நடுக்கம் வராம நகர்மன்றம் பாத்துக்கணும். ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்து போடுவீங்க இல்ல?”

“கண்டிப்பா சார்.”

எல்லாம் உள்ளே அவள் காதில் விழுந்தது. நின்றிருக்கும் மில்லை வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு மில் ஓடினால் அது குற்றம். ஒரு வாரம் என்று சொன்னது ஆயுளுக்கும் என்று ஆகிவிட்டது. தண்ணீரைக் கொடுத்தாள்.  காலிச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். மகள் முகம் கறுத்தது.

“நீ இப்ப எதுவும் பேசிடாதம்மா. ஃபேக்டரி வந்தா எனக்கு வேலை கிடைச்சுடும். அப்புறம் உனக்கு எதுக்கு மில்லு?”

“கிடைக்கலைன்னா?”

“ஏன் கிடைக்காது?”

“வெளியூர்லருந்து ஆள் கூட்டிட்டு வந்தா? அன்னிக்கு உனக்கும் வேலை இல்லை, எனக்கும் மில்லு இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து உன் செல்போன் கடையில திரை மாத்தலாமா?”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. “என் வாழ்க்கையில மண்ணைப் போட்டுடாதம்மா” என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை நேராகத் தலைவர் அலுவலகத்துக்குப் போனாள். அவர் சுவரில் தொழிற்சாலையின் வரைபடத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் பசும்புல் இருந்தது, கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அவளுடைய தெரு இல்லை.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நீங்க கையெழுத்து போட்ட பிறகு என் மில்லு ஓடுமா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பசை டப்பாவை மூடினார். “அதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம் அக்கா.”

“ஓடாதுன்னு சொல்லிடுங்க. அதையாவது இன்னிக்குச் சொல்லுங்க.”

அவர் வரைபடத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து மில்லைத் திறந்தாள். பெல்ட்டை மாட்டினாள். மகள் கதவோரம் நின்றாள். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. சுவிட்சில் கை வைத்தாள். அழுத்தினாள். மோட்டார் முனகியது, பிடித்துக்கொண்டது, வாசல்படி அதிர்ந்தது. எதிரே வெல்டர் எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொறியாளர் வந்தார், ஓட்டமும் நடையுமாக. அவருக்குப் பின்னால் தலைவர், வெளிறிய முகத்தோடு. பொறியாளர் மில் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

“இது தினமும் ஓடுமா?”

“இல்ல சார், இது என்னிக்காவது ஒரு நாள்...” என்று இழுத்தார் தலைவர்.

மில்லுக்காரி வாயைத் திறந்தாள். முந்திக்கொண்டு மகள் சொன்னாள். “தினமும் ஓடும் சார். நான் பொறந்ததிலிருந்து ஓடுது. எதிர்ல வெல்டிங் பட்டறை இருக்கு. பஸ்ஸும் இந்த வழியாத்தான் போகும்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

பொறியாளர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கருவிகளைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட விடுவதாகவும், எல்லாரும் வழக்கம்போல் வேலையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். “அடித்தளத்தை மாத்திக் கட்ட முடியுமான்னு பாக்கணும். முடியலைன்னா வேற ஊருதான். மேலிடத்துலதான் முடிவு பண்ணுவாங்க.”

முடிவு இன்னும் வரவில்லை. தலைவர் தெருவுக்கு வந்தாலும் மில் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. வெல்டர் மில்லுக்காரியோடு பேச்சை நிறுத்திவிட்டார், பட்டறையை மட்டும் ஓட்டுகிறார். மகள் கடைக்குப் போகிறாள், வருகிறாள், “ஏதாவது தெரிஞ்சுதா?” என்று தாயும் கேட்பதில்லை, மகளும் சொல்வதில்லை. தினமும் காலையில் மில்லுக்காரி சுவிட்சில் கை வைக்கிறாள். வைத்த கை ஒரு கணம் அப்படியே நிற்கிறது. கதவோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் மகள் குனிந்தபடியே சொல்கிறாள்:

“போடும்மா. ஆளுங்க காத்துட்டு இருக்காங்க.”